எருக் குவியலிலும் வீண்விரயம் உண்டு

 

 

இந்த ஜும்ஆ உரையை ஒரு திருத்தத்தோடு தொடங்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அறியாத ஒன்றின் பின்னால் செல்லாதே. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்ற கருத்தில் திருமறையின் 17ஆம் அத்தியாயம் 36ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. மிம்பரில் நிற்பவனுக்கு இந்த எச்சரிக்கை மற்றவர்களைவிட இரு மடங்கு பொருந்தும். அவன் தவறாகச் சொன்ன ஒரு சொல்லை நூறு பேர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள் அல்லவா?

சொன்ன சொல்லும் நடந்த செயலும்

எங்கள் பள்ளிவாசல் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பள்ளிக்குச் சொந்தமாகச் சிறிது வக்ஃப் நிலம் உண்டு. அதில் விளையும் வேர்க்கடலையின் வருமானத்திலிருந்துதான் மதரஸாப் பிள்ளைகளின் செலவில் ஒரு பங்கு நடக்கிறது. சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் நான் ஓர் உரையில், "இரசாயன உரங்களே காற்றையும் மண்ணையும் கெடுக்கின்றன. மாட்டெருவில் எந்தத் தீங்கும் இல்லை. அதை எவ்வளவு போட்டாலும், எப்படிப் போட்டாலும் நன்மைதான்" என்று கூறினேன்.

தொழுகை முடிந்ததும் வேளாண்மைப் பட்டயம் படிக்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! நீங்கள் சொன்னதில் பாதி சரி. எருவிலிருந்தும் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் வெளியாகின்றன. எப்படி வைக்கிறோம், எப்போது இடுகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்" என்றார். நான் புன்னகைத்தேன், ஆனால் உள்ளத்தில் ஏற்கவில்லை. புத்தகம் படித்த பிள்ளை ஏதோ சொல்கிறது என்று கடந்து போனேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

என் உரையைக் கேட்ட ஜமாஅத்தார், வக்ஃப் நிலத்திற்கு எரு வாங்க முடிவு செய்தார்கள். மலைமேல் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து மூன்று டிராக்டர் எரு வந்து இறங்கியது. ஆடிப்பட்டத்து விதைப்புவரை அது திறந்த வெளியில் அப்படியே கிடந்தது. சித்திரை வெயில் அதைக் காய்ச்சியது. வைகாசியில் பெய்த கோடை மழை அதை ஊறவைத்து, பழுப்பு நீராகக் கால்வாய்க்கு இழுத்துச் சென்றது. மூக்கைத் துளைக்கும் நெடி பல நாட்கள் வீசியது. எருவில் தீங்கில்லை என்று நானே சொல்லிவிட்டதால், எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆடி மாதத்தில், எருவை விற்ற மலைவாழ் பெரியவர் சந்தைக்கு வந்தவர் பள்ளிவாசல் பக்கம் வந்தார். அந்தக் குவியலைக் கையால் அள்ளிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாய், இதுல சத்து போயிடுச்சே. இப்படிப் போட்டு வைப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா எங்க சாமைக் கொல்லைக்கே போட்டிருப்பேனே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குக் கூடுதலாக வலித்தது.

பணம் கொடுத்துத்தான் வாங்கினோம். ஆயினும் அவருடைய நிலத்திற்குச் சேர வேண்டிய வளத்தை வாங்கி, வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் கொடுத்துவிட்டோம். வக்ஃப் சொத்து அமானிதம் அல்லவா? அந்தப் பணம் பிள்ளைகளின் பணம் அல்லவா? அன்றிரவே அந்த இளைஞரை அழைத்து, அவர் சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லுமாறு கேட்டேன். அதன் பின்னர் நானும் படித்தேன். அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

குவியலிலிருந்து வெளியேறுவது என்ன?

எருவிலிருந்து முக்கியமாக மூன்று வாயுக்கள் கிளம்புகின்றன. முதலாவது மீத்தேன். காற்றுப் புகாத ஈரத்தில் சாணம் அழுகும்போது இது உண்டாகிறது. உலர்ந்த, காற்றோட்டமுள்ள குவியலில் குறைவாகவும், நீர் தேங்கிய குழியிலும் கூழான சாணத் தொட்டியிலும் மிகுதியாகவும் வெளிப்படும். நூறு ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு.

இரண்டாவது அம்மோனியா. நமது மூக்கைத் துளைத்த அந்த நெடி இதுதான். இது நேரடியாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அன்று. ஆனால் எருவிலுள்ள தழைச்சத்துதான் அம்மோனியாவாகப் பறக்கிறது. பயிருக்கு இலையாகவும் தண்டாகவும் ஆக வேண்டிய செல்வம் காற்றில் போகிறது. அது வேறோர் இடத்தில் மண்ணிலும் நீரிலும் படிந்து, அதில் ஒரு பகுதி மூன்றாவது வாயுவாக மாறுகிறது.

அந்த மூன்றாவது, நைட்ரஸ் ஆக்சைடு. எருவை நிலத்தில் பரப்பிய பின், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதன் தழைச்சத்தை முதலில் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மழை பெய்து மண்ணில் காற்று குறைந்தால், வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சிதைத்து வாயுவாக வெளியேற்றுகின்றன. இந்த இரு நிலைகளிலும் நைட்ரஸ் ஆக்சைடு கசிகிறது. அதற்கு நிறமில்லை, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்று மண்டலத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கும். இன்று ஒரு வயலிலிருந்து கிளம்பியது நம் பேரர்களின் காலத்திலும் அங்கே இருக்கும்.

தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றில் நூறு கோடிப் பங்கில் சுமார் 270 பங்காக இருந்த நைட்ரஸ் ஆக்சைடு, 2023ஆம் ஆண்டில் 336 பங்கைத் தாண்டிவிட்டது. மனிதர்களால் வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பகுதி வேளாண்மையிலிருந்து வருகிறது. செயற்கை உரமும் எருவும் ஆகிய இரண்டுமே அதற்குக் காரணம்.

ஒரு ஏக்கரின் கணக்கு

கணக்குப் பார்த்தால்தான் நமக்கு விளங்கும். மானாவாரி நிலத்திற்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அஃதாவது ஏக்கருக்கு 5 டன். நல்ல தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து இருப்பதாகக் கொண்டால், அந்த 5 டன்னில் இருப்பது 25 கிலோ. இட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது உலக நாடுகளின் அறிவியலாளர் குழு 2006இல் வகுத்த பொது அளவு. மண்ணின் தன்மையும் மழையும் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அந்த அளவின்படி, ஓர் ஏக்கரிலிருந்து வெளியாவது சுமார் 400 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. 400 கிராம்தானா என்று எண்ணாதீர்கள். 273ஆல் பெருக்கிப் பாருங்கள். நூறு கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்கு அது சமம். ஏறத்தாழ 40 லிட்டர் டீசலை எரிப்பதற்கு ஒப்பானது.

இனி நம் நாட்டைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கும் மேல். எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. அவற்றின் சாணம் முழுவதும் வயலுக்குப் போவதில்லை. ஒரு பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிகிறது. 2020ஆம் ஆண்டுக்கு இந்தியா அளித்த அறிக்கையின்படி, நாட்டின் பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழ 14 விழுக்காடு வேளாண்மையைச் சேர்ந்தது. அதிலும் முதலிடம் கால்நடைகளின் செரிமானத்தில் வெளியாகும் மீத்தேனுக்கு. நீர் தேங்கிய நெல்வயல்களும் உரமிட்ட மண்ணும் அதற்கு அடுத்த நிலையில் நிற்கின்றன. மிகப் பெரிய பங்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் ஆற்றல் துறையினுடையது. அது 75 விழுக்காட்டுக்கும் அதிகம்.

யார் மீது குற்றம்?

இங்கே நீதி தவறிவிடக் கூடாது. ஜவ்வாது மலையில் சாமையும் கொள்ளும் விதைக்கும் ஓர் உழவர், இரண்டு மூன்று மாடுகளின் எருவைத் தலைச்சுமையாகக் கொல்லைக்குக் கொண்டு செல்கிறார். அவரைப் பார்த்து, "நீ பூமியைச் சூடாக்குகிறாய்" என்று சொல்ல எவருக்கு நாக்கு வரும்? மழை தவறும்போது முதலில் காய்வது அவருடைய கொல்லைதான். குளிரூட்டிய அறையில் இருப்பவரின் குற்றத்திற்கு அவர் விலை கொடுக்கிறார்.

மேலும், எருவை நிறுத்திவிட்டு மூட்டை உரத்திற்கு மாறுவதும் தீர்வாகாது. அதே 25 கிலோ தழைச்சத்தைத் தர ஐம்பது கிலோவுக்கும் மேல் யூரியா வேண்டும். அந்த யூரியாவைத் தயாரிக்க இயற்கை எரிவாயு எரிகிறது. வயலில் இட்ட பின் அதிலிருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. எருவோ மண்ணுக்குக் கரிமச் சத்தைத் திருப்பித் தருகிறது. மலைச்சரிவில் மண் நீரைப் பிடித்து வைக்க உதவுகிறது. எரு ஓர் அருட்கொடை. அருட்கொடையை அளவின்றியும் காலமின்றியும் கொட்டுவதில்தான் குற்றம் இருக்கிறது.

செல்வ நாடுகள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. நெதர்லாந்தில், நிலம் தாங்கும் அளவைவிடக் கால்நடைகள் பெருகின. கூழ் எருவை நிலத்தின் மேல் தெளிப்பதற்கு 1990களிலேயே அங்கே தடை வந்தது. மண்ணைக் கீறி உள்ளே செலுத்த வேண்டும் என்றார்கள். அப்படியும் சிக்கல் தீரவில்லை. 2019இல் அந்நாட்டின் உயர் ஆட்சிமன்றம் நைட்ரஜன் மாசு குறித்து அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உழவர்கள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்தார்கள். டென்மார்க், கால்நடை வளர்ப்பில் வெளியாகும் வாயுக்களுக்கு 2030 முதல் வரி விதிப்பதென 2024இல் முடிவு செய்தது. தீவனத்தை வெளிநாட்டிலிருந்து இறக்கி, எருவை மட்டும் தன் நிலத்தில் குவித்தால் சமநிலை எங்ஙனம் நிலைக்கும்?

சமநிலையைப் பற்றி 55ஆம் அத்தியாயம் பேசுகிறது. வானத்தை உயர்த்தியவன் தராசையும் ஏற்படுத்தினான், அதில் வரம்பு மீறாதீர்கள் என்பது அதன் கருத்து. கடைத்தெருத் தராசை மட்டும் எண்ணி இதை ஓதுகிறோம். வயலிலும் ஒரு தராசு இருக்கிறது. பயிர் எடுக்கும் தழைச்சத்து ஒரு தட்டில். நாம் இடும் தழைச்சத்து மறு தட்டில். மிஞ்சுவது காற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது.

முன்னோர் அறிந்த மரியாதை

எரு என்றால் அருவருப்பு என்று சிலர் எண்ணலாம். கால்நடையின் வயிற்றில் சாணத்திற்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து தூய பாலைப் புகட்டுவதைப் படிப்பினை என்று 16ஆம் அத்தியாயம் 66ஆம் வசனம் நினைவூட்டுகிறது. பாலை மட்டும் நன்றியோடு பருகிவிட்டுச் சாணத்தை அலட்சியமாக எறிவது அந்தப் படிப்பினையைப் பாதியில் விடுவதாகும்.

சொர்க்கம் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவரான ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள், தமது நிலத்திற்குத் தாமே எருக்கூடையைச் சுமந்து சென்றதாகவும், ஒரு கூடை எரு ஒரு கூடை கோதுமைக்குச் சமம் என்ற கருத்தில் பேசியதாகவும் பைஹகீயில் அறிவிப்பு உள்ளது. பாரசீகத்தை வென்ற தளபதி அவர்! உளூச் செய்துகொண்டிருந்த ஸஅத் (ரலி) அவர்களைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை வீணாக்குவது விரயமே என்று உணர்த்திய செய்தி இப்னுமாஜாவில் பதிவாகியுள்ளது. ஓடும் ஆற்றிலேயே விரயம் உண்டென்றால், பிள்ளைகளின் பணத்தில் வாங்கிய எருக் குவியலில் இல்லையா?

நமது சட்டமேதைகளும் இதைத் தொடாமல் விடவில்லை. சாணம் பயன் தரும் பொருள் என்பதால் அதை விற்பது கூடும் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. அசுத்தப் பொருளை விற்பனை செய்வது செல்லாது என்று கூறும் ஷாஃபிஈ மத்ஹபிலும், நிலத்திற்கு உரமாக இடுவதற்குத் தடை இல்லை. இஸ்லாமிய ஸ்பெயினில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலேதோவின் இப்னு பஸ்ஸாலும், 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செவில்யாவின் இப்னுல் அவ்வாமும் தங்கள் வேளாண் நூல்களில் எருவுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கி, எந்தப் பிராணியின் எரு எந்த மண்ணுக்கு ஆகும் என்று விளக்கினார்கள். பச்சை எருவைவிட மக்கிய எருவே நல்லது என்பது அவர்கள் அறிந்த பாடம். நமது தமிழகத்து உழவர்களும் ஆட்டுக்கிடை போட்டவுடன் நிலத்தை உழுதுவிடுவார்கள். சத்து பறந்துவிடக் கூடாது என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எருவை நிழலில் வையுங்கள். மேட்டில் குழி வெட்டி, சுற்றிலும் வரப்புக் கட்டி, மேலே கீற்றோ மண்ணோ மூடினால் போதும். மழைநீர் உள்ளே புகாமல் இருந்தால் மீத்தேனும் குறையும், சத்தும் தங்கும். வைக்கோலும் உலர்ந்த சருகும் கலந்து, அவ்வப்போது கிளறிவிட்டால் நன்றாக மக்கும்.

இரண்டாவதாக, பரப்பிய அன்றே உழுது மண்ணோடு கலந்துவிடுங்கள். சிறு சிறு குவியலாக வயலில் வைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவது நம் பகுதியில் வழக்கம். அந்த நாட்களில்தான் அம்மோனியா பறக்கிறது.

மூன்றாவதாக, பயிருக்குத் தேவைப்படும் காலத்தை ஒட்டி, தேவையான அளவே இடுங்கள். மண்ணோடு கலந்துவிட்டால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. எடுக்க வேர் இல்லாத காலத்தில் மண்ணில் சேர்ந்த தழைச்சத்து, அடுத்த மழையில் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். எரு இட்ட வயலுக்கு அந்த அளவு யூரியாவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் முழு அளவில் கொட்டுவது இரட்டை விரயம்.

நான்காவதாக, நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டார் சாண எரிவாயுக் கலனைப் பற்றிச் சிந்தியுங்கள். 1984இல் உருவான தீனபந்து வகைக் கலனில், நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் இட்டால் இரண்டு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு அது உதவும். காற்றில் கலக்க வேண்டிய மீத்தேன் அடுப்பில் எரிந்துவிடும். கலனிலிருந்து வெளிவரும் கழிவில் தழைச்சத்து மிஞ்சியிருந்து வயலுக்கு உரமாகும். ஆனால் கலனில் கசிவு இருந்தால் நோக்கமே கெட்டுவிடும். ஆகவே அமைப்பதோடு நில்லாமல் பராமரிக்கவும் வேண்டும்.

எங்கள் வக்ஃப் நிலத்தில் இவ்வாண்டு முதல் மூன்றைத் தொடங்கிவிட்டோம். எருக்குழியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்த இளைஞரிடமே ஒப்படைத்தோம். மலைப் பெரியவரிடம் இம்முறை ஒரே ஒரு டிராக்டர் எரு மட்டும் கேட்டோம். "உங்கள் கொல்லைக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் கொடுங்கள்" என்று நானே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இப்பதான் பாய் உழவன் மாதிரி பேசுறீங்க" என்றார். ஏழு ஆண்டுகள் மதரஸாவில் ஓதிப் பெற்ற சனதுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த இன்னொரு சனதாக அதை ஏற்றுக்கொண்டேன்.

அன்பர்களே! உங்கள் வீட்டுக் கொல்லையில், உங்கள் பள்ளிவாசல் நிலத்தில், உங்கள் தோப்பில் இன்று ஓர் எருக் குவியல் வெயிலில் கிடக்கிறதா? இன்று அஸருக்குப் பிறகு போய்ப் பாருங்கள். நெடி அடித்தால், அது விரயத்தின் நெடி என்று அறிந்துகொள்ளுங்கள். மூடுவதற்கு நான்கு கீற்று போதும்.

யா அல்லாஹ்! நாங்கள் அறியாமல் சொன்னதையும், அறிந்த பின் அலட்சியம் செய்ததையும் மன்னித்தருள்வாயாக! நீ அளவோடு தந்ததை அளவோடு பயன்படுத்தும் அறிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் மலைக்கும் அடிவாரத்திற்கும் உரிய காலத்தில் பயனுள்ள மழையைப் பொழிவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!